பார்வையிடும் உரிமை

1934-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 21-ஆந் திகதி, வெள்ளிக்கிழமை இரவு. வட வேல்சிலே, றெக்சம் நகரை அடுத்துள்ள கிரெஸ்போட் நிலக்கரிச் சுரங்கத்தினுள் இரவுமுறைத் தொழிலாளர் இறங்கினர். மறுநாட் பிற்பகல் றெக்சம் அணிக்கும் டிரான்மியர் றோவர்ஸ் அணிக்கும் உதைபந்தாட்டம் நடைபெற இருந்தது. அதனைக் காண வேண்டும் என்னும் ஆவலாற் பலர் தம் முறையை மாற்றிக்கொண்டும், சனிக்கிழமைக்குரிய வேலையை அன்றிரவே சேர்த்துச் செய்ய ஒப்புக்கொண்டும் சென்றிருந்தனர். இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில், இரண்டாயிரம் அடிக்கு மேல் ஆழமான அச்சுரங்கத்தின் 'டெனிஸ்' என்னும் பகுதி வெடித்தது. அப்பகுதியிலிருந்து உயிர் தப்பி மேலே வந்தோர் அறுவர் மட்டுமே. மீட்கச் சென்றவர்களுள் மூவர் மாண்டனர். தீயை அடக்க இயலாதென்று கண்டு சுரங்க வாய்களை மூடிய பின்னர், மீண்டும் எழுந்த வெடிப்பொன்று அம்மூடியைப் பெயர்த்தெறிந்து, மேலே தரையில் வேலைசெய்து நின்ற ஒருவரையுங் கொன்றது. இறந்தோர் மொத்தம் 266 பேர். அவர்களுள் 250 பேருக்கு மேற்பட்டோரின் உடல்கள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது விதியை நொந்துகொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவது நம்மிற் பலருக்கு வழக்கம். ஆனால் கிரெஸ்போட்டில் நடந்தது வானத்திலிருந்து விழுந்த இடி அன்று. வெடிப்புக்கு முந்திய மாதங்களில் அப்பகுதி வெப்பத்தால் தகித்தது என்பதையும், மெதேன் வாயு தேங்கியிருந்தது என்பதையும், காற்றோட்டம் போதாமலிருந்தது என்பதையும் அங்கு வேலைசெய்தோர் அறிந்திருந்தனர். சுரங்கத் தொழிலாளிக்கு இதை அறிய விஞ்ஞானக் கருவிகள் தேவைப்படுவதில்லை. பாதுகாப்பு விளக்கின் சுடரைத் தணித்துவிட்டு உற்று நோக்கினால், மெதேன் கலந்த காற்றிலே அச்சுடரின் மேல் வெளிறிய நீல முடியொன்று தோன்றும். அந்நீலம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு மரணம் அண்மையில் நிற்கிறது. சுடரைப் பார்க்கத் தெரிந்த கண்கள் நூற்றுக்கணக்கில் அங்கிருந்தன. பார்த்ததை எவரிடம், எந்தப் பலத்தோடு சொல்வது என்பதிலேதான் இடர்ப்பாடு இருந்தது.

தொழிற்சங்கம் என்றவுடன் நம் கண்முன் வருவன சம்பளக் கோரிக்கையும் வேலைநிறுத்தமும் செங்கொடியுமே. அதனினும் அமைதியான, ஆனால் அதனினும் பயன்மிக்க வேலையொன்றையும் சங்கப் பிரதிநிதிகள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்து வருகின்றனர். வேலைத்தலத்தைச் சுற்றிப் பார்த்தல், பார்த்ததைப் பதிதல், திருத்துமாறு கேட்டல், வேறு வழியில்லாதபோது வேலையை நிறுத்தச் சொல்லுதல் ஆகியவையே அவ்வேலை. அதன் வரலாறு நிலக்கரிச் சுரங்கத்திலேதான் தொடங்குகிறது என்பதால், அங்கேயே சற்றுத் தங்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரித்தானியச் சுரங்கங்களில் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்தனர். அரசாங்கப் பரிசோதகர்கள் நியமிக்கப்பட்டிருந்தும், அவர்கள் தொகையிற் குறைந்தவர்கள். ஒரு சுரங்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதே அரிது. இந்நிலையில், 1872-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குச் சட்டத்திலே ஒரு சிறு விதி புகுந்தது. சுரங்கத்தில் வேலைசெய்வோர் தம்முள் இருவரைத் தெரிவுசெய்து, அவர்களைக் கொண்டு சுரங்கம் முழுவதையும் பார்வையிடச் செய்யலாம். அவ்விருவரையும் எந்த மூலைக்கும் செல்ல முதலாளி அனுமதிக்க வேண்டும் என்பதே அது. சுரங்க வாயில், நடைவழி, காற்றுப் பாதை, பழைய குடைவு எல்லாம் அதனுள் அடங்கின. பார்வையிட்டதன் அறிக்கை அங்குள்ள பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். 1887-இலும் 1911-இலும் வந்த சட்டங்கள் இவ்வுரிமையை விரித்தன. அச்சுரங்கத்தையே சேர்ந்தவராக இராவிடினும், கைத்தொழில் அறிந்த சுரங்கத் தொழிலாளியாக இருந்தாற் போதும் என்று வாயில் அகலத் திறந்தது.

இவ்விதியில் ஒரு முள்ளும் இருந்தது. 'தொழிலாளரின் சொந்தச் செலவில்' என்று சட்டம் எழுதியிருந்தது. பார்வையிடும் நாளின் கூலியைத் தொழிலாளரே தம்முட் பணம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சங்கம் பலமாக இருந்த இடத்தில் அது கைகூடிற்று. சங்கம் மெலிந்த இடத்தில் உரிமை ஏட்டிலே உறங்கியது. அங்கே பார்வையிட முன்வருபவன் மறுநாள் அதே மேற்பார்வையாளனுக்குக் கீழே வேலைக்கு நிற்க வேண்டியவன். காற்றுப் போதாது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, அடுத்த வாரம் தனக்கு நல்ல இடம் கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்க முடியுமா?

இதற்கு ஒரு மாற்றுவழியையும் அத்தொழிலாளரே முன்னதாகக் கண்டிருந்தனர். நிலக்கரி வெட்டுவோருக்கு வெட்டிய நிறையின்படி கூலி. தராசின் அருகே நிற்பவன் முதலாளியின் ஆள். நிறையைக் குறைத்து எழுதுகிறான், கல் கலந்திருக்கிறதென்று வண்டியையே கழித்துவிடுகிறான் என்பது தீராத வழக்கு. மலைநாட்டிலே கொழுந்து நிறுக்கும் தராசின் முன் கூடையோடு நின்றவர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. 1860-இல் வந்த சட்டம், தம் சார்பில் நிறையைச் சரிபார்க்க ஒருவரைத் தாமே நியமிக்கும் உரிமையைச் சுரங்கத் தொழிலாளருக்கு அளித்தது. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் தொழிலாளர். ஆகவே முதலாளியின் கோபம் அவருடைய சோற்றைத் தொட முடியாது. நிறை பார்க்க வந்த இம்மனிதரே பல சுரங்கங்களிற் சங்கத்தின் தலைவராகவும், விபத்து நேர்ந்தால் விதவைக்கு விண்ணப்பம் எழுதுபவராகவும் வளர்ந்தார். பார்வையிடுபவனுக்கு அஞ்சாமை வேண்டும் என்று புத்தி சொல்வது எளிது. அஞ்ச வேண்டிய தேவையை அகற்றிய இவ்வேற்பாட்டையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

மீண்டும் கிரெஸ்போட்டுக்கு வருவோம். 1930-களின் நடுவிலே அவ்வட்டாரத்தில் வேலையின்மை தலைவிரித்தாடிற்று. சங்கம் அங்கு வலுவுடன் இருக்கவில்லை. 1934 ஒக்டோபரிற் றெக்சத்தில் விசாரணை தொடங்கியபோது, சங்கத்தின் சார்பில் ஊதியம் பெறாது வாதாட வந்தவர் சேர் ஸ்டாபோர்ட் கிரிப்ஸ். எட்டாண்டுகளின் பின், 1942-இல், இந்தியாவுக்குத் தூதுவந்து வெறுங்கையோடு திரும்பிய அதே கிரிப்ஸ்தான். சரித்திரப் பாடத்தில் அவரைத் தோல்வியுற்ற தூதராக மட்டும் அறிந்திருக்கும் மாணவர், அவ்விசாரணை மண்டபத்தில் அவர் கேட்ட கேள்விகளையும் அறிதல் நன்று. சுரங்கத்தின் நிலையைத் தொழிலாளர் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். முன்னரே ஏன் முறையிடவில்லை என்ற கேள்விக்கு வேலை போய்விடும் என்ற அச்சமே விடையாயிற்று. மாதந்தோறும் அளந்து பதிய வேண்டிய காற்றின் அளவுகள் சில காலம் அளக்கப்படவே இல்லை என்பதும், அளந்ததாக எண்கள் எழுதப்பட்டிருந்தன என்பதும் வெளிவந்தன.

விசாரணைக்குத் தலைமை தாங்கியவரும் உடனிருந்த இரு மதிப்பீட்டாளரும் ஒரு முடிவுக்கு வர இயலாது 1937-இற் தனித்தனியே கருத்துரைத்தனர். வெடிப்பு எங்கே, எதனால் மூண்டது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. சான்று கூறவேண்டிய இடமே மூடிக் கிடக்கிறது. பின்னர் நீதிமன்றத்தில் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளிற் பெரும்பாலானவை தள்ளுபடியாகி, பதிவேடுகளைச் சரிவரப் பேணாமைக்காகவே தண்டம் விதிக்கப்பட்டது. தண்டம் 140 பவுண். வழக்குச் செலவு 350 பவுண். தண்டப்பணத்தை இறந்தோர் தொகையாற் பிரித்துப் பார்த்தோம். ஓர் உயிருக்குப் பத்தரைச் சிலிங் வருகிறது.

பார்வையிடும் உரிமை சட்டத்திலே எழுதப்பட்டு அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இவ்வழிவு. உரிமை இல்லாத நாட்டில் நடந்ததன்று. உரிமையை எடுத்தாள ஆளில்லாத இடத்தில் நடந்தது. இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்ததும் இதுவே. ஆபத்தைப் பற்றிய அறிவு தொழிலாளரிடம் எப்பொழுதும் இருக்கிறது. அவ்வறிவைச் சுமந்து செல்ல, வேலையை இழக்க அஞ்சாத ஒருவர் இல்லாதவிடத்து, அது வெடிப்புக்குப் பின்னர் சாட்சியமாகத்தான் வெளிவரும்.

சுரங்கத்தைத் தவிர்ந்த ஏனைய தொழில்களுக்கு இவ்வுரிமை வர மேலும் நூறாண்டு சென்றது. 1970-இல் நியமிக்கப்பட்ட குழுவொன்று வேலைத்தலப் பாதுகாப்பை முற்றாக ஆராய்ந்து 1972-இல் அறிக்கை தந்தது. அதன் தலைவர் றொபன்ஸ் பிரபு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. 1966 ஒக்டோபர் 21-இல் தென் வேல்சின் அபர்பான் கிராமத்தில், மலைமீது குவிக்கப்பட்ட சுரங்கக் கழிவு சரிந்து பாடசாலையை மூடி, 116 பிள்ளைகளையும் 28 பெரியோரையுங் கொன்றபோது, அக்குவியலுக்குப் பொறுப்பான தேசிய நிலக்கரிச் சபையின் தலைவராக இருந்தவரும் அவரே. அப்பாடசாலையின் பின்னே கழிவு குவிப்பதன் ஆபத்தை நகரசபை 1963-லேயே எழுத்தில் எடுத்துக் காட்டியிருந்தது. விசாரணைமன்றம் சபையையே முழுப் பொறுப்பாளியாக்கியது. அத்தகையவரை இப்பணிக்கு அமர்த்தியது தகுமா என்பது பற்றி அந்நாட்டில் இன்றும் வாதம் உண்டு. அவருடைய குழு, வேலைத்தல விபத்துக்குத் தலையாய காரணம் அக்கறையின்மை என்று கூறிற்று. நமக்கு அது உடன்பாடன்று. கிரெஸ்போட்டில் இறந்தவர்கள் தம் உயிரில் அக்கறையற்றிருந்தார்கள் என்று யார் சொல்லத் துணிவார்?

எனினும் அறிக்கையின் வழியே 1974-ஆம் ஆண்டின் வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1977-இல் இயற்றப்பட்ட பாதுகாப்புப் பிரதிநிதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 1978 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தன. சில பக்கங்களே கொண்ட இவ்விதிகளைப் படிப்பவர், கிரெஸ்போட்டின் ஒவ்வொரு குறையையும் அறிந்த ஒருவர் அருகே இருந்து எழுதினாற் போல உணர்வார்.

தொழில்கொள்வோர் ஏற்றுக்கொண்ட சங்கம் ஒரு பிரதிநிதியை நியமிக்கிறது, எழுத்தில் அறிவிக்கிறது. முதலாளி அவரைத் தெரிவதுமில்லை, நீக்குவதுமில்லை. இயன்றவரை அவர் அவ்வேலையிலோ அதனை ஒத்த வேலையிலோ இரண்டாண்டு அனுபவமுடையவராய் இருக்க வேண்டும். பார்வையிடுவதற்கும் அதற்கான பயிற்சிக்கும் செலவாகும் நேரத்துக்குச் சம்பளம் உண்டு. 'சொந்தச் செலவில்' என்ற பழைய முள் இவ்வாறு பிடுங்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலைத்தலத்தை முறையாகப் பார்வையிடலாம். வேலைமுறை மாறினாலோ விபத்து நேர்ந்தாலோ இடையிலும் பார்வையிடலாம். பாதுகாப்புப் பற்றிய பத்திரங்களைக் கேட்டுப் பெறலாம். அரச பரிசோதகர் வந்தால் அவரோடு பேசலாம். பிரதிநிதிகள் இருவர் சேர்ந்து எழுத்திற் கேட்டால், மூன்று மாதத்துள் பாதுகாப்புக் குழுவொன்றை அமைப்பது முதலாளியின் கடமை. இவையனைத்தும் பிரதிநிதிக்கு அதிகாரங்களேயன்றிச் சட்டக் கடமைகள் அல்ல என்றும் விதி சொல்கிறது. தாம் காணத் தவறிய குறைக்காக அவர் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. பாதுகாப்பின் பொறுப்பு முதலாளியின் தோளிலேயே தங்குகிறது.

இவ்விதிகளுள் நம் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு தொடர். பார்வையிடும்போது முதலாளியின் ஆளும் உடனிருக்கலாம். ஆயினும், பிரதிநிதி தொழிலாளரோடு தனியே உரையாடுவதற்கு இடமளிக்க வேண்டும் என்கிறது அத்தொடர். முகாமையாளர் அருகில் நிற்கையில், இயந்திரத்தின் காப்புத் தகடு இரவுமுறையிற் கழற்றி வைக்கப்படுவதைப் பற்றி எந்த இளைஞன் வாய்திறப்பான்? கழற்றாவிட்டால் அன்றைய தொகை முடியாது; தொகை முடியாவிட்டால் மேலதிகக் கொடுப்பனவு இல்லை. 'கவனமில்லாமற் கையை விட்டான்' என்று விபத்தறிக்கை எழுதுபவர் அறியாத இக்கதை தேநீர் வேளையில், தாழ்ந்த குரலிலேதான் வெளிவரும்.

தேர்ந்த பிரதிநிதி பார்வையிடும் விதத்தை ஒரு கலை என்றே சொல்லலாம். படிக்கட்டும் தீவாயிலும் மின்கம்பியும் எவர் கண்ணுக்கும் தெரியும். காலத்தால் மெல்ல வரும் தீங்குகளைக் காண்பது கடினம். அதற்கெனச் சங்கப் பயிற்சி வகுப்புகளில் ஒரு முறை கற்பிக்கப்படுகிறது. ஒரு பெரிய தாளிலே மனித உருவமொன்றை வரைந்து சுவரில் மாட்டுவர். ஒரே பகுதியில் வேலைசெய்வோர் ஒவ்வொருவராய் வந்து, தமக்கு நோவுள்ள இடத்தில் ஒரு புள்ளி வைப்பர். பெயர் எழுதுவதில்லை. இடுப்பு வலியைத் தன் வயதின் குற்றமென்றும், மணிக்கட்டு வலியைத் தன் உடலின் குற்றமென்றும் தனித்தனியே எண்ணிக்கொண்டிருந்தவர்கள், ஒரே இடத்தில் இருபது புள்ளிகள் குவிந்திருப்பதைக் கண்டு திகைப்பர். குற்றம் மேசையின் உயரத்தில் இருக்கிறது என்பது அப்போதுதான் புலனாகும். மருத்துவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தமையால் அவருக்குத் தெரியாதிருந்தது, ஒரு தாளும் பேனையும் கொண்டு தெரிந்துவிடுகிறது.

இவ்வேற்பாட்டினாற் பயனுண்டா என்று கேட்பவர்க்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். பிரித்தானிய வேலைத்தலங்கள் பற்றி 1990-இல் எடுக்கப்பட்ட பெரிய அளவீடொன்றின் விவரங்களைக் கொண்டு றெய்லி, பச்சி, ஹோல் என்னும் மூவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு அது. முகாமை தானே தனித்துப் பாதுகாப்பை நடத்தும் இடங்களோடு ஒப்பிடுகையில், சங்கம் நியமித்த பிரதிநிதிகளைக் கொண்ட கூட்டுக்குழு உள்ள இடங்களிற் காயங்களின் வீதம் ஏறக்குறையப் பாதி என்பது அதன் முடிவு. புள்ளிவிவரத்தை நம்பாதவர், தாம் வேலைசெய்யும் கட்டடத்தின் தீவாயில் எங்கே இருக்கிறது, அது திறக்குமா என்று இன்றே பார்த்து வரட்டும்.

சங்கங்களைப் புகழ்ந்துவிட்டு நகர்வது நேர்மையன்று. பல நாடுகளில், பல ஆண்டுகளாக, சங்கங்களே ஆபத்துக்கு விலைபேசி வந்தன. நச்சுப் புகையுள்ள பகுதிக்கு மணிக்கு இவ்வளவு, உயரத்தில் ஏறினால் இவ்வளவு என்று மேலதிகப் படி கேட்டு வாங்கியதை வெற்றியென்று முழங்கினர். நுரையீரலை விற்றுச் சம்பளம் உயர்த்தும் இவ்வாணிபத்தை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் முதன்மையானோர் இத்தாலியர். 1960-களில், மோட்டார்வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்த தூரின் நகரிலே, இவார் ஒட்டோனே என்ற மருத்துவரும் உலோகத் தொழிலாளர் சங்கத்தினரும் ஒன்றுகூடினர். அங்கே 'ஆரோக்கியம் விற்பனைக்கு இல்லை' என்பது கோஷமாயிற்று. ஒரே இடத்தில், ஒரே ஆபத்துக்கு உட்பட்டவர்கள் ஒரு குழுவாக இருந்து, வேலைத்தலத்தின் படத்தை வரைந்து, எங்கே இரைச்சல், எங்கே தூசு, எங்கே மனத்தை வாட்டும் வேகம் என்று குறிக்கும் வழக்கம் அங்கேதான் வளர்ந்தது. நிபுணர் சொல்வதைக் குழு உறுதிப்படுத்தினாலன்றி ஏற்பதில்லை என்ற பிடிவாதமும் அவர்களுக்கு இருந்தது. 1970-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு, தம் பிரதிநிதிகள் மூலம் பாதுகாப்பு விதிகளின் நடைமுறையைக் கண்காணிக்கும் உரிமையை இத்தாலியத் தொழிலாளருக்கு அளித்தது.

பார்க்கவும் கேட்கவும் உரிமை கிடைத்த பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கூரை சரியப் போகிறது. முகாமையாளர் நாளை பார்ப்போம் என்கிறார். அப்போது என்ன செய்வது? பிரித்தானிய விதிகள் இங்கே தயங்கி நிற்கின்றன. ஆபத்தைக் கண்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்க முடியாதென்று பிற்காலச் சட்டம் காக்கிறதேயன்றி, பிரதிநிதியின் சொல்லால் இயந்திரம் நிற்பதில்லை. சுவீடன் நாடு ஒரு படி மேலே சென்றது. உயிருக்கோ ஆரோக்கியத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருந்து, முதலாளியிடம் கேட்டும் பரிகாரம் கிடைக்காவிடில், அரச அதிகாரசபை வந்து முடிவு சொல்லும் வரை அவ்வேலையை நிறுத்துமாறு பாதுகாப்புப் பிரதிநிதி கட்டளையிடலாம். நிறுத்தியது தவறென்று பின்னர் தெரிந்தாலும் நட்டத்துக்கு அவர் பொறுப்பாளியல்லர். 1970-களிலிருந்து நடைமுறையிலுள்ள இவ்வதிகாரத்தினால் சுவீடனின் கைத்தொழில்கள் பாழாகிவிடவில்லை. சில ஆட்களே வேலைசெய்யும் சிறு தலங்களுக்குச் சங்கத்தின் பிராந்தியப் பிரதிநிதிகள் வெளியிலிருந்து சென்று பார்ப்பதும் அங்குண்டு. பெரிய ஆலைகளை மட்டும் கண்டு பழகிய நமக்கு இது சிந்திக்கத் தக்கது. ஆபத்து மிகுந்த பட்டறைகளிற் பெரும்பாலானவை சிறு பட்டறைகளே.

இவ்வதிகாரம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நம் அயலிலேயே சான்று கிடைக்கிறது. பங்களாதேஷின் சாவார் நகரில் 'ரானா பிளாசா' என்னும் எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். மேலே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரில் 23-இல் அதன் சுவர்களிலும் தூண்களிலும் வெடிப்புகள் தோன்றின. பார்வையிட்ட பொறியியலாளர் கட்டடம் பாதுகாப்பற்றது என்றார். வங்கி தன் ஊழியரை வரவேண்டாமென்றது, கடைகளும் மூடப்பட்டன. தையற் பெண்களுக்கோ மறுநாட் காலை வேலைக்கு வருமாறு உத்தரவு. வெடிப்பை அவர்கள் தம் கண்ணாலேயே கண்டிருந்தனர். ஏற மறுத்துக் கீழே நின்றவர்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்காதென்ற அச்சுறுத்தல் காட்டப்பட்டது. ஏறினர். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன் கட்டடம் இடிந்தது. இறந்தோர் 1,134 பேர். அவ்வைந்து தொழிற்சாலைகளில் ஒன்றிலாவது தொழிற்சங்கம் இருக்கவில்லை.

ஒரே கூரையின் கீழ், ஒரே வெடிப்பைக் கண்ட வங்கி ஊழியர் வீட்டில் இருக்க, தையற் பெண்கள் படியேறினார்கள் என்பதை நாம் மறக்க இயலாது. அறிவில் இருசாராருக்கும் வேற்றுமை இருக்கவில்லை. அடுத்த மாதமே, பன்னாட்டுச் சங்கக் கூட்டமைப்புகள் இரண்டும் ஐரோப்பிய ஆடை நிறுவனங்கள் பலவும் சட்டத்தாற் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையொன்றில் ஒப்பமிட்டன. தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு, முடிவுகளைப் பகிரங்கப்படுத்தி, தொழிலாளரைக் கொண்ட பாதுகாப்புக் குழுக்களை அமைத்து, ஆபத்தான கட்டடத்துள் நுழைய மறுக்கும் உரிமையையும் அது எழுத்தில் தந்தது. கடற்கரைப் பட்டினத்தில் நின்றுகொண்டு இதை வாசிக்கும் நமக்கும், கட்டுநாயக்கா வலயத்தில் ஊசியோடு இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இவ்வாடைகளை வாங்குவோர் பெரும்பாலும் ஒருவரே.

நமது தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942-இல் இயற்றப்பட்டபோது அரச பரிசோதகரையே கண்ணாகக் கொண்டது. அவருடைய கண் தேயிலை மலையின் ஒவ்வொரு நிரைக்கும் எட்டாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட செய்தியை இப்பத்திரிகைப் பக்கங்களில் நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! எந்த மரத்தில், எந்தக் கற்பாறையின் இடுக்கிற் கூடு தொங்குகிறது என்பதை அம்மலையிற் பறிப்பவர்கள் முதலில் அறிகிறார்கள். கங்காணி அடுத்து அறிகிறார். துரை கடைசியில் அறிகிறார். தோட்டத் தலைவரிடம் சம்பள நிலுவையைப் பற்றிச் சொல்வதுபோல இக்கூட்டைப் பற்றியும் சொல்லி, அவர் அதனை ஓர் ஏட்டிற் குறித்து, கூடு அகற்றப்படும் வரை அம்மலையை விலக்கி வைக்குமாறு கேட்கும் வழக்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் நிலைபெறுவதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பது நமது ஐயம்.

இப்பக்கத்தை வாசிக்கும் ஆசிரியர்கள், இது சுரங்கத்துக்கும் ஆலைக்கும் உரிய செய்தி என்று எண்ணிவிடலாகாது. பிரித்தானியாவிலே ஆசிரியர் சங்கங்களுக்கும் பாதுகாப்புப் பிரதிநிதிகள் உண்டு. 2021 ஜனவரி தொடக்கத்தில், கொரோனாத் தொற்று உச்சமடைந்திருந்த வேளையில், ஆரம்பப் பாடசாலைகளைத் திறப்பது பாதுகாப்பானதே என்று அந்நாட்டின் பிரதமர் உறுதிகூறினார். தேசியக் கல்விச் சங்கமோ அது பாதுகாப்பற்றது என்று கூறி, 1996-ஆம் ஆண்டின் தொழில் உரிமைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவைத் தன் உறுப்பினர்க்கு நினைவூட்டிற்று. 4-ஆந் திகதி பல பாடசாலைகள் திறந்தன. அன்று மாலையே பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, மறுநாள் முதல் அவற்றை மூடுவதாக அறிவித்தார். மூடியதாற் பிள்ளைகள் இழந்த கல்வியும் சிறிதன்று. அந்தக் கணக்கை இன்னும் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தகைய பரபரப்பு எப்போதோ ஒருமுறை வருவது. அங்குள்ள பாடசாலைப் பிரதிநிதியின் அன்றாடக் கவலை அஸ்பெஸ்டஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் முப்பது ஆண்டுகளுள் எழுந்த கட்டடங்கள் பலவற்றின் சுவரிலும் கூரையிலும் அது மறைந்திருக்கிறது. சுவரில் ஆணியடித்துப் படம் மாட்டும்போது எழும் தூசை உட்கொண்டவர், முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்ற பின்னர், நெஞ்சுறைப் புற்றுநோயால் இறக்கலாம். அவ்வாறு இறந்த ஆசிரியர்களும் உண்டு. ஆகவே புதிதாக நியமனம் பெறும் பிரதிநிதி முதலிற் செய்வது, கட்டடத்தில் அஸ்பெஸ்டஸ் எங்கெங்கே உள்ளது, எந்நிலையில் உள்ளது என்பதைக் குறிக்கும் பதிவேட்டைக் காட்டுமாறு அதிபரிடம் கேட்பதே. அதனைக் கையிற் கொண்டு வகுப்பு வகுப்பாகச் சென்று, ஏட்டில் எழுதியிருப்பதைச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவருடைய வேலை.